கனமில்லாத சிலுவை

பாப்பா,

நலமாக இருக்கிறாயா? நாங்கள் உடம்பளவில் நலம். மற்றதை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே சொல். உன் அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது, சமையலறையில் ஒழுகிய இடத்தைத் தகரம் வைத்து அடைத்துவிட்டேன், நீ அனுப்பிய குளிர்சட்டை தோளில் கொஞ்சம் பிடிக்கிறது, ஆனாலும் போட்டுக்கொள்கிறேன். பெரிய வெள்ளி ஊர்வல வீடியோவில் மாமா சிலுவையோடு நடந்ததைப் பார்த்து அழுதுவிட்டாய் என்றும், பக்கத்தில் தலைகுனிந்து வந்த என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது என்றும் சொன்னாய். நான் உம் கொட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். போனில் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன். நான் தலைகுனிந்தது பக்தியால் அல்ல.

அந்தச் சிலுவையைச் செய்தது நான். சபை மூப்பரான எங்கள் கிடங்கு முதலாளிதான் இந்த வருடமும் மேசியா வேடத்தில் நடந்தார். போன வருடம் கட்டைச் சிலுவையைத் தூக்கிப் பாதி வழியில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார் இல்லையா, அதனால் இந்தத் தடவை நான் பெட்டி அடிக்கும் கொட்டகைக்கே வந்து, "பாக்கத் தேக்கு மாதிரி இருக்கணும், தூக்கத் தெர்மோகோல் மாதிரி இருக்கணும்" என்றார். மெல்லிய பிளைவுட்டில் உள்ளே ஒன்றுமில்லாமல் நீளப் பெட்டி மாதிரி அடித்து, ஓரங்களை உளியால் கொத்தி, வெடிப்புப் போலப் புட்டி மாவு பூசி, பழுப்புச் சாயம் ஏற்றினேன். வீட்டு வாசலில் காயவைத்திருந்தபோது உன் அம்மா அதை ஒரு கையால் தூக்கி நகர்த்திவிட்டு அந்த இடத்தைப் பெருக்கினாள். பெருக்கி முடித்துவிட்டு, "இதுக்கா ஜனங்க அழப்போறாங்க" என்றாள். நான் சிரித்தேன்.

மாமா விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து அவன் முதுகு போனபோது முதலாளி வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து ஜெபித்தார். மேசியாவே பாடுபட்டுத்தான் மகிமைக்குள் போனார், உனக்கும் ஒரு சிலுவை கொடுத்திருக்கிறார், முறுமுறுக்காமல் சும என்றார். மறுநாளே அவன் இடத்தில் வேறு ஆள் மூட்டை தூக்கினான். அந்த ஜெபத்துக்கு நானும் ஆமென் சொன்னவன்தான். ஆனால் உன் மாமா அந்த வார்த்தையை நிஜமாகவே மனதில் போட்டுக்கொண்டான். ஆண்டவருக்காகக் கொஞ்ச தூரம் சிலுவை சுமந்த சீமோன் வேடத்தை எனக்குக் கொடுங்கள் என்று போதகரிடம் போய்க் கேட்டு வாங்கிவிட்டான். இந்த முதுகை வைத்துக்கொண்டு எதற்கடா என்று அவனைத் திட்டினேன். அவன் கோபப்படவில்லை. "இதுவரைக்கும் வந்த வலியெல்லாம் என்னைக் கேட்டா வந்துச்சு அத்தான்? ஒரு தடவை நானா எடுத்துச் சுமக்கணும். அவர் பட்ட பாட்டுல எனக்கும் கொஞ்சம் பங்கு வேணும்" என்றான். அதற்காக உபவாசம் வேறு இருந்தான். அப்போதாவது சிலுவை வெறும் பெட்டிதான் என்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்று பயம். லேசாக இருப்பது அவன் முதுகுக்கும் நல்லதுதானே என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

ஊர்வலத்தில் முதலாளி சிவப்பு அங்கியில் முனகி முனகி நடந்தார், இரண்டு பக்கமும் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பலகை இணைப்பு ஏதாவது விட்டுப்போனால் ஆணி அடிப்பதற்குச் சுத்தியலோடு நான் கூடவே போனேன். மருந்துக்கடை முனையில் மாமாவிடம் சிலுவை கைமாறியது. அவன் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டி, கண்ணை மூடி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் தூக்கினான். அது பறந்து மேலே போய், போர்ச்சேவகனாக நின்ற லாரி டிரைவரின் பிளாஸ்டிக் தொப்பியைத் தட்டிவிட்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமா சிலுவையைக் காற்றில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மெல்லத் தோளில் இறக்கி, முழங்காலை மடக்கி, கனமான மூட்டைக்குக் கீழே நடக்கிற மாதிரிக் குனிந்து, காலை இழுத்து இழுத்து நடந்தான். சிரிப்பு அடங்கி மறுபடி அழுகை எழுந்தது. நீ அழுததும் அந்த இடத்தில்தான். அப்படிக் குனிந்தே நடந்ததில் அவன் முதுகு மொத்தமாகப் பிடித்துக்கொண்டது, ஆலய வாசலில் நிமிர முடியவில்லை. முதலாளி அவன் தோளில் தட்டி, விசுவாசம் இருந்தால் கனமே தெரியாது பார்த்தாயா என்றார். நான் சுத்தியலோடு சும்மா நின்றேன்.

மாமா தன் வீட்டில் தரையில் குப்புறப் படுத்திருந்தான், உன் அத்தை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏன்டா குனிந்தாய், போட்டுவிட்டு வந்திருக்கலாமே என்றேன். "போட்டிருந்தா செஞ்சது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க. முதலாளியையா கேப்பாங்க?" என்றான். பிறகு முகத்தைத் திருப்பாமலே, "எனக்கு அது கனமா வேணும்னு உங்களுக்குத் தெரியும்ல அத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றான். பாப்பா, மேசியா பிறர் அவமானத்தைச் சுமந்தார் என்று இத்தனை வருடம் பாடியிருக்கிறேன். என் அவமானத்தை ஒருவன் சுமந்துகொண்டு தெருவில் நடந்தபோதுதான் அது என்னவென்று கண்ணால் பார்த்தேன். அதைச் சுமந்தவன் வேலையும் முதுகும் போனவன், சுமக்க வைத்தவர் மூப்பர், நடுவில் சாயம் பூசியவன் உன் அப்பா.

இப்போது அதைப் பீடத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்கள், ஜனங்கள் தொட்டு முத்தமிடுகிறார்கள். வருகிற ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து உள்ளதைச் சொல்லப்போகிறேன், முதுகு போனவனிடம் முதலாளி சொன்னதையும் சேர்த்து. மாமா வேண்டாம் என்கிறான், தான் குனிந்தது வீணாகிவிடுமாம். அவன் குனிந்ததை வைத்து அவர் நிமிர்ந்து நடப்பதை இனி என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேலை போகும், தெரிந்துதான் சொல்கிறேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. பாடுபடுவதுதான் பாக்கியம் என்று யாராவது உனக்குச் சொன்னால், சொல்கிறவர் தோளில் என்ன இருக்கிறது என்று முதலில் பார். மாமாவுக்கு மறக்காமல் போன் செய், முதுகைப் பற்றி மட்டும் கேள். ஞாயிறு பேசப்போவதை உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்காமலே, "போற வேலை போகட்டும். ஆனா அழாம சொல்லுங்க. அழுதீங்கன்னா அதையும் பக்தின்னு நினைச்சுப்பாங்க" என்றாள்.

முத்தங்களுடன்,
உன் அப்பா