உடுமலையில் நீ நிறுத்திய இடம்

காந்திபுரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் சால்டரிங் வைத்தார். ஈயம் உருகும் அந்தப் புகை மூக்கில் ஏறியதும் என் போனை மறந்துவிட்டேன், உன் நினைவுதான். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்லாத ஒன்றை இனியும் என்னால் வைத்திருக்க முடியவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் நீ வேலை பார்த்த பம்ப்செட் பட்டறை. வாரம் முழுக்கக் கீழே மோட்டார்களை ஓடவிட்டுச் சோதிப்பாய். ஞாயிறு மதியம் மாடி அறையில் நாம் இருவரும் இரைச்சல் வாசிப்போம். இரும்புக் குழாய்களில் நீ சால்டரிங் வைத்து ஒட்டிய சின்ன மைக்குகள், என் பழைய ரேடியோ, தன் சத்தத்தையே விழுங்கி ஊளையிடும் சவுண்ட் மிக்ஸர். ராகமும் கிடையாது, தாளமும் கிடையாது. ஒரே ஒரு ஒப்பந்தம்: எதையும் முன்கூட்டித் தயார் செய்து வரக்கூடாது. ஒருத்தி எழுப்பும் சத்தத்துக்கு மற்றவள் அங்கேயே, அப்போதே பதில் சொல்ல வேண்டும்.

பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவள் நான். உன்னையும் விடவில்லை. நான் எங்கே நிறுத்தினாலும் அதே நொடியில் நீயும் நிறுத்தினாய். கேட்டுவிட்டு நிறுத்துகிறவள் கொஞ்சமாவது பிந்த வேண்டாமா? நம் ஞாயிறுகளை ரகசியமாகப் பதிந்து, என் பழக்கங்களை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறாய் என்று முடிவு கட்டினேன். நீ கழற்றாமல் மாட்டியிருந்த ஹெட்போனில் அந்தப் பதிவுதான் ஓடுகிறது என்றும் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு நீ டீ வாங்கக் கீழே போனபோது அதை எடுத்து என் காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். முனை எதிலும் செருகப்படாமல் மேஜைக்கடியில் தொங்கியது.

"என்ன அம்மணி, தேடுனது கெடச்சுதா?" டீ டம்ளர்களோடு வாசலில் நின்றாய்.

ஹெட்போனை மேஜையில் வைத்தேன். நீயே சொன்னாய்: "காது போயிட்டிருக்குது. டாக்டரு சத்தத்துப் பக்கமே போவாதன்னுட்டாரு. காதை அடைக்கத்தான் அதை மாட்டிக்கறது. சொல்லிப்போட்டா நீ வாசிக்கவே வேண்டாம்னுருவ."

"அப்பறம் எப்படி நான் நிறுத்தறப்ப நிறுத்தற?"

"உன்ற வலது தோளு. நிறுத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் எறங்கும். அதையேதான் பாத்துட்டிருப்பேன்."

அப்போதே நம்பியிருக்க வேண்டும். தோளைப் பார்த்து வாசிப்பார்களா என்ன, கதை விடுகிறாள் என்று உள்ளுக்குள் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதம் உடுமலைப்பேட்டையில் காலியாகக் கிடந்த ஒரு தேங்காய் குடோனில் பத்திருபது பேர் முன்னால் வாசித்தோம். வாசலில் எட்டிப் பார்த்த மூட்டை தூக்குபவர், "ஏனுங்க, ஸ்பீக்கரு ரிப்பேருங்களா?" என்றார். நான் உன்னிடம் கத்திச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாய். ஆரம்பித்தோம். இரைச்சல் உச்சத்துக்குப் போனபோது நான் தோளை மட்டும் இறக்கினேன். கையை எடுக்கவில்லை.

நீ சட்டென்று நிறுத்தினாய். அந்தத் தகரக் கூரைக்கடியில் என் சத்தம் தனியாகக் கத்தியது. தோளிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தாய். பிறகு உள்ளங்கையை மேஜையில் வைத்து, அதிர்வு இருப்பதைத் தெரிந்துகொண்டு, மெதுவாகக் குழாயைத் தட்டத் தொடங்கினாய். வந்திருந்தவர்கள் அந்த இடத்தைத்தான் மிகவும் பாராட்டினார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில், கொஞ்சம் கேட்கும் காதின் பக்கம் என்னை உட்காரவைத்துக் கேட்டாய்: "வேணும்னேதான் எறக்குனியா?"

"இல்ல. கை வலிச்சுது."

"செரி, கண்ணு."

அதிலிருந்து மூன்றாம் வாரம் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். வீடு திரும்பவில்லை.

வேண்டுமென்றேதான் இறக்கினேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இப்போது வேறு இருவரோடு வாசிக்கிறேன். அவர்கள் சொல்வதை நம்பப் பழகுகிறேன், பாதிதான் வருகிறது. ஆனால் அந்த "செரி"யை இன்னமும் விடாமல் புரட்டிக்கொண்டிருக்கிறேன். என் பொய்யை நம்பிச் சொன்னாயா, பொய்யென்று தெரிந்தே என்னைத் தப்பவிட்டாயா? தெரிந்தேதான் என்று சந்தேகப்படுகிறேன்.