பிரித்து வைத்த காகிதம்

கடலடி நிலையம், மன்னார் வளைகுடா
பதிவு: எசக்கியம்மாள், நிலையப் பொறியாளர்

புதன், காலை 9:00
காற்றழுத்தம் சரி. ஈரப்பதம் அதிகம். ஆள் நான் ஒருத்திதான்; உடன் வேலை பார்த்த ரத்தினசபாபதி நேற்று கரைக்குப் போய்விட்டார். போகும் முன் லேசர் பிரிண்டருக்கு ஆயுதபூஜை போட்டிருக்கிறார் மனிதர். சந்தனம், குங்குமம், சரி. காகிதக் கட்டுகள் அத்தனையையும் உறை பிரித்து, மஞ்சள் வைத்து, தண்ணீரும் தெளித்திருக்கிறார்! காகிதத்தை உறையோடு, தரையில் படாமல், படுக்கை வசமாக வைக்க வேண்டும் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்?

பிற்பகல் 1:40
மின்னறையில் தீ. அணைத்துவிட்டேன். ஆனால் காற்றைச் சுத்தம் செய்யும் எந்திரம் போய்விட்டது. இருக்கும் காற்று மாலை வரைதான். மின்சாரமும் இனிப் பேட்டரியில்தான். ஆளைக் கடல்மேல் ஏற்றும் மீட்புக் கூண்டு தனிப் பேட்டரியில் ஓடும்; ஆனால் அதை மேலிருந்து இயக்கும் கம்பியும் கருகிவிட்டது. இனி அனுமதிக் கட்டத்தை, அந்தக் கறுப்பு வெள்ளைக் க்யூஆர் சதுரத்தை, காகிதத்தில் அச்சிட்டுக் காட்டினால்தான் கூண்டு திறக்கும். திரையில் காட்டினால் அதன் கேமராக் கண்ணுக்கு வெறும் பளபளப்புதான் தெரியும்.
கரையிலிருந்து, கட்டுப்பாட்டு அறைப் பிச்சையா அண்ணன்: "கட்டம் அனுப்பிட்டேன் தாயி. அச்சடிச்சுக் காட்டிட்டு வெரசா ஏறி வந்துரு."

2:25
பாதிக் கட்டம்தான் விழுகிறது. பிரிண்டருக்குள் இருக்கும் டிரம் உருளையின் மேல் லேசர் ஒழுங்காகத்தான் வரைகிறது. வரைந்த இடத்தில் டோனர் என்கிற மைப்பொடி ஒட்டுகிறது. காகிதத்தில் மின்னேற்றம் நின்றால்தானே பொடியை இழுத்துக்கொள்ளும்? நமத்த காகிதத்தில் அது நிற்பதே இல்லை. அடுத்த தாள் சூட்டு உருளையில் ஆவி விட்டுச் சுருண்டு சிக்கிக்கொண்டது. ரத்தினசபாபதி, நீர் நன்றாக இருப்பீர்!

3:50
மின்னடுப்புத் தட்டில் ஒவ்வொரு தாளாகக் காய வைக்கிறேன். பேட்டரி இறங்குகிறது. நிறையக் கருகின. ஒன்றே ஒன்று தேறியது. தலை கனக்கிறது.
பிச்சையா: "அவசரப்படாதம்மா. ஓரம் மடங்காமப் போடு, என்ன?"
சும்மா இருங்கண்ணே என்று கத்திவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

4:35
விழுந்துவிட்டது! முழுக் கட்டம்! ஆனால் தாள் சூட்டு உருளைக்குப் போகும் முன் பேட்டரி செத்தது. மூடியைத் திறந்து மெல்ல உருவினேன். பொடி உருகவில்லை, சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறது. விரல் பட்ட ஓரம் அழிந்தேவிட்டது. இன்னொன்று அடிக்க வழியில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, இதை ஏந்தி நடக்கப் போகிறேன். இனிக் குரல் பதிவு.

4:48, குரல் பதிவு
படிச்சிருச்சு. பச்சை விளக்கு. அண்ணே, கதவு திறக்குது!
ஐயோ. உள்ளேயிருந்து காத்து... ஒரே வீச்சு. மைப்பொடி அத்தனையும் பறந்து முகமெல்லாம் கரி. கையில வெறும் வெள்ளைத்தாள்.
போகட்டும். ஏறிட்டேன் அண்ணே. கதவும் சாத்திக்கிச்சு. அழுவாதீங்க, இதோ வந்துட்டேன்...

கூண்டின் குரல்: "வணக்கம். மேலே புறப்பட, அனுமதித் தாளை இன்னொரு முறை காட்டவும்."