காப்பகத்துக்கும் அதே கட்டணம்

ஏங்க,

சாப்பாட்டை மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிக்குங்க. குழாய் ரிப்பேர்காரர் பதினோரு மணிக்கு வருவார்.

நான் பெண்கள் காப்பகத்துக்குப் போறேன். நேத்து போன்ல யாருன்னு நீங்க கேட்டதும் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். கோபம் இல்லீங்க, உங்க மூஞ்சியில முழிக்க முடியல.

வெளியிடத்துல போய் கராத்தே சொல்லிக்குடுத்தா எல்லாருக்கும் ஒரே கட்டணம்னு நான்தான் முடிவு பண்ணேன். பள்ளிக்கூடம், ஜிம்முன்னு ஆளாளுக்குப் பேரம் பேசி என்னை நோகடிச்ச வயித்தெரிச்சல். "காப்பகத்துக்குமா?"ன்னு நீங்க கேட்டீங்க. "பாவம் பார்த்தா வீட்டு வாடகையை யார் குடுப்பா?"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். அவங்களுக்குக் கட்டுப்படியாகல, அங்க நடந்துக்கிட்டிருந்த வகுப்பை நிறுத்திட்டாங்க.

நேத்து காப்பகத்து மேலாளரம்மா போன் பண்ணாங்க. என் வகுப்புல கடைசி வரிசையில நிக்கும்னு சொல்வேனே, சத்தம் போடவே கூச்சப்படுற பொண்ணு, அது புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கு. இப்போ கை உடைஞ்சு மறுபடியும் காப்பகத்துக்கே வந்திருக்காம். பிடியை உதறிட்டு ஓடுறது எப்படின்னு நான் இன்னும் சொல்லியே குடுக்கலீங்க. அதுக்குள்ள வகுப்பு நின்னுபோச்சு.

"இனிமே சும்மாவே வர்றேன்"னேன். "நீங்க வகுப்பு எடுத்த ஹால்ல கட்டில் போட்டாச்சும்மா, ஆள் அதிகமாயிடுச்சு"ன்னாங்க. இருந்தாலும் அவளைப் போய்ப் பார்க்கணும்.

குழாய்க்காரருக்குத் திறந்துவிட இன்னொரு சாவி எதிர்வீட்டு அக்காகிட்ட இருக்கு.

இன்னொண்ணு. "நீ சொல்லிக்குடுத்திருந்தாலும் அவ புருஷன் அடிச்சிருப்பான்"னு மட்டும் சாயங்காலம் வந்து சொல்லிடாதீங்க. நேத்துலேருந்து அதைச் சொல்லித்தான் என்னை நானே தேத்திப் பார்க்கிறேன். மனசு கேக்கல.