காக்கை விரட்டிய வாரம்

ஆடி 20, திங்கள்

காலையில் தூறல், பிறகு வெயில். படப்பெட்டி, முக்காலி, படம் கழுவும் மருந்துப் புட்டிகள், இருட்டுக் கூடாரம், எல்லாம் சுமந்து துரைசாணி பங்களாவுக்கு. எங்கள் வீட்டுக்கு மேலே, அதே மேட்டில்தான். காப்பிச் செடியில் இலைநோய். துரைக்கு அந்தக் கவலை. துரைசாணிக்குக் குருவிக் கவலை. பின்கட்டில் கம்பம் நட்டு, பலகை அடித்து, பழமும் ரொட்டித்தூளும் வைக்கிறார். வருகிற குருவிகளைப் படம் பிடித்துத் தன் ஊருக்கு அனுப்ப வேண்டுமாம். படக்கடை முதலாளி என்னை அனுப்பிவிட்டார்.

மூன்று எண்ணும் வரை அசையாமல் இருந்தால்தான் படம். எந்தக் குருவி இருக்கும்? நாலு கண்ணாடித் தட்டு வீண். ஒரு மைனாவுக்கு உடம்பு இருக்கிறது, தலை இல்லை.

ஆடி 21, செவ்வாய்

காக்கைக் கூட்டம். பலகை காலி. மற்றவை கிட்டவே வரவில்லை. துரைசாணிக்குக் கோபம். "கறுப்புப் பட்சி வேணாம். அடி, தொரத்து."

கல் எடுத்தேன். குறி தப்பவில்லை. ஒன்று புதருக்குள் விழுந்து எழுந்து போனது. துரைசாணி கை தட்டினார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்.

பிறகு கேட்டார்: "உன் ஆளுங்க இதுக்குச் சோறு வெக்குது, நெசமா?"

"அது தோட்டத்துக் கூலி ஆளுங்க பழக்கம், தொரசாணி. நாங்க வெக்கிறதில்ல."

வாய் கூசாமல் சொன்னேன். வருடா வருடம் அப்பாவுக்கு வைக்கிறவன் நான்.

ஆடி 23, வியாழன்

கிளிப் படம் கிடைத்தது! பழத்தில் அலகை வைத்தபடி, அசையாமல். கண்கூடத் தெரிகிறது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் கல் எறிந்து எறிந்து காக்கைகளுக்கு என் முகம் தெரிந்துவிட்டது. கண்டதும் மரத்துக்கு மரம் தாவிக் கத்துகின்றன. இன்று வீட்டு வாசல் வரை பின்னாலேயே வந்தன. என் மனைவி அன்னம் சிரித்தாள்: "என்னங்க, சொந்தக்காரங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வர்றீங்க?" விருந்தாளி வரப்போகிறார் என்று அம்மா ஒரு கை அரிசி கூடுதலாகப் போட்டுவிட்டாள். நான் காரணம் சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: எள், வாழையிலை, பூசணி. நாளை அமாவாசை.

ஆடி 24, வெள்ளி. அமாவாசை

மழை இல்லை. குளித்து, அப்பாவுக்குப் படையல். இந்தியாவிலிருந்து கடல் தாண்டி, இந்தக் காப்பி மலைக்கு எங்களோடு வடக்குப் பாதையில் நடந்து வரும்போது காய்ச்சலில் விழுந்து செத்தவர். குழி தோண்டக்கூட நிற்கவிடவில்லை, எங்களைக் கூலிக்குக் கூட்டிவந்த கங்காணி. வருடத்துக்கு ஒரு முறை இந்தச் சோறுதான் அவருக்கு நான் செய்வது. காக்கை தொட்ட பிறகுதான் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பாள்.

கூரையில் இலையை வைத்துக் கூப்பிட்டேன். பலாமரம் நிறையக் காக்கை. ஒன்றும் இறங்கவில்லை. என்னைப் பார்த்துக் கத்தின. உச்சிவேளை தாண்டியது. சோறு காய்ந்தது.

"அவருக்கு என்னடா கோவம்? நான் என்ன கொற வெச்சேன்?" அம்மா அழுதுவிட்டாள். குறை வைத்த நான் பக்கத்திலேயே மரம் மாதிரி நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்னம் கிட்டே வந்து மெதுவாக, "நீங்க கொஞ்சம் உள்ள போயிருங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

போனேன். கதவுக்குப் பின்னால், திருடன் மாதிரி. அன்னம் கூப்பிட்டாள். "கா... கா..." படபடவென்று இறக்கைச் சத்தம்.

"வந்துட்டாருடா! ஒங்கப்பா வந்துட்டாரு! எங்கடா போயிட்ட? வெளிய வந்து பாரு!"

போகவில்லை.