லேமினேட் பண்ணின வீட்டுப் பத்திரம்

ஏங்க, சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு. குழம்பைச் சூடு பண்ணிக்கோங்க.

நமக்கு வீட்டை வித்த மனுஷன், நாம பத்திரத்தைப் பதிவே பண்ணலைன்னு தெரிஞ்சுக்கிட்டு வேற ஒருத்தர்கிட்ட விலை பேசிட்டார்! அந்த ஆள் காலையில வந்து நம்ம படுக்கையறையை டேப் வச்சு அளக்கறார். "திரைச்சீலையை வீட்டோடவே விட்டுட்டுப் போவீங்களா?"ன்னு வேற கேக்கறார்.

நேரா வித்தவரோட சம்சாரத்துக்கிட்ட போய் நின்னேன். அந்தம்மா போட்ட போடுல, வித்த மனுஷன் இப்ப நம்ம வாசல்ல காருக்குள்ள பெட்டிப்பாம்பா உக்காந்திருக்கார். பதிவு ஆபீசுக்குக் கிளம்பிட்டோம்!

கசங்கக்கூடாதுன்னு நீங்க லேமினேட் பண்ணி வச்சீங்களே, அந்தப் பழைய பத்திரத்துல முத்திரை குத்தவே முடியாதாம். புதுசா எழுதியாச்சு.

பி.கு: புதுப் பத்திரத்துல என் பேர் மட்டும்தான். பயப்படாதீங்க, திரைச்சீலை மாதிரி உங்களையும் வீட்டோடவே வச்சுக்கறேன்.