பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு மூளைப் பாடம்

ஜூலை 7, செவ்வாய்
காலையிலிருந்து மழை. பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் ஃபெர்ரிக்கு முக்கால் மணி நேரம் காத்திருப்பு. சட்டை தெப்பல். வகுப்பு முழுக்கத் தும்மல். சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: பதின்வயது மூளை. "பயாலஜிக்கு நீங்கதானே ஜி" என்றார் பிரின்சிபால். பதினெட்டு வருடமாகப் பலகையில் நரம்புச் செல் வரைகிறவன். தப்பிக்க வழியில்லை.
வாங்க: மார்க்கர், இருமல் மருந்து, மனைவி ரோசலிக்குக் குடை. என் குடையை அவள்தான் தொலைத்தாள், அது வேறு கதை.

ஜூலை 8, புதன்
வெயில் எட்டிப் பார்த்தது. கூட்டத்துக்காகப் படித்தேன். நரம்புச் செல்கள் சந்திக்கும் இடத்தில் சில புரதங்கள். செல் ஒட்டு மூலக்கூறுகள். இரண்டு பக்கமும் கை நீட்டிப் பிடித்துக்கொள்கின்றன. பிடி இருந்தால் இணைப்பு நிற்கும். பதின்வயதில் மூளை தன் இணைப்புகளில் பலவற்றைக் கழித்து, சிலவற்றை இறுக்குகிறது. அந்தச் சமயத்தில் எலிக்குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே வைத்தால் இந்த மூலக்கூறுகளில் மாற்றம். வளர்ந்த பின்னும் பயம், ஒதுங்கல்.

எலிக்குச் சொன்னது மனிதருக்கு அப்படியே பொருந்தாது. வகுப்பில் நூறு முறை சொன்ன எச்சரிக்கை. இன்று அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

மகள் ஜெனி கப்பலேறிப் போய் ஐந்து வாரம்.

ஜூலை 9, வியாழன்
மீண்டும் மழை. பேச்சு எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. மகள் செய்த குற்றம்: இயற்பியலில் மார்க் குறைவு. டியூஷன் என்று சொல்லிவிட்டு மின்னி பே கடலோரத்தில் மூன்று தோழிகளோடு ஐஸ்கிரீம். அவ்வளவுதான்.
நான் செய்தவை: போனைப் பிடுங்கினேன். வீடு தேடி வந்த அவள் தோழி மௌவை வாசலோடு திருப்பி அனுப்பினேன். ஒரு வார்த்தை கேட்காமல் திருச்சி ஹாஸ்டலில் சேர்த்தேன். இந்தத் தீவில் எல்லாரும் செய்வதுதானே. பிள்ளை அடங்கவில்லையா, மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட்.

ஹாடோ கப்பல் துறையில் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இங்கேயே இருக்கேன்ப்பா. அவளுங்ககூட பேசவே மாட்டேன், சத்தியமா, கசம் சே." பதினாறு வயதுப் பெண் தன் தோழிகளையே விட்டுத் தருகிறேன் என்றாள். நான் வாட்சைப் பார்த்தேன். மடையன்.

ஜூலை 10, வெள்ளி
பிரின்சிபாலிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். பதினொன்றாம் வகுப்பில் ஜெனியின் இடம் இன்னும் இருக்கிறதாம். ரோசலியிடம் சொல்லவில்லை. ஞாயிறு போனில் ஜெனியிடமே சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 11, சனி
கூட்டம். நன்றாகவே பேசினேன், அதுதான் கேவலம். அபர்டீன் பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் முருகேசன் எழுந்தார்.
"சார், எங்க பொண்ணுக்கு அடுத்த ஷிப்ல டிக்கெட் போட்டாச்சு. அப்ப கேன்சல் பண்ணிறவா?"
"பண்ணிருங்க. இந்த வயசுல கூட்டாளிங்ககிட்டேருந்து பிரிக்காதீங்க."
"அச்சா. அப்போ நீங்க ஏன் சார் ஜெனியை அனுப்புனீங்க?"
ஹாலே என்னைப் பார்த்தது.
"அவளேதான் கேட்டா" என்றேன்.
கைதட்டல் வேறு. கடைசி வரிசையில் ரோசலி.

ஃபெர்ரியிலிருந்து இறங்கும்போது, "ஹாடோவுல அந்தப் புள்ள அழுதது எனக்கு இன்னும் கேக்குது" என்றாள். வெட்கம்.

ஜூலை 12, ஞாயிறு
தூறல். பூசை முடிந்து நேரே வீடு. ஹாஸ்டலிலிருந்து வாரம் ஒரு போன், பதினொரு மணிக்கு, பத்து நிமிடம். முதலில் ரோசலி, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. பிறகு போன் என் கைக்கு வந்தது.
"சாப்பிட்டியாம்மா?"
"சாப்பிட்டேன்ப்பா."
"சாப்பாடு நல்லாருக்கா?"
"நல்லாருக்குப்பா."
உப்பு குறைந்தால் வீட்டையே இரண்டாக்குகிறவள்.
"ஜெனி, அப்பா பண்ணது தப்பு. இங்க உன் சீட் இருக்கு. வந்துர்றியா?"
லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.
"நீங்க எது சொன்னாலும் சரிப்பா."
"நான் சொல்றது இல்லம்மா. உனக்கு என்ன வேணும்?"
"தெரியலப்பா." பிறகு, மெதுவாக: "அம்மா சொன்னாங்க. நானே கேட்டு வந்தேன்னு கூட்டத்துல சொன்னீங்களாம். பரவால்லப்பா. யாராச்சும் கேட்டா நானும் அப்படியே சொல்லிடுறேன்."