தலையணைக்கு அடியில் இருந்த நீலம்

இன்று காலை டவுன் பஸ்ஸில் உன் நீலக்கல் மோதிரத்தைப் பார்த்தேன். உன் மாமா மகன் கம்பியைப் பிடித்து நின்றான். அவன் நடுவிரலில் அது மயில் கழுத்து நிறத்தில் மின்னியது. ஒரு கீறல்கூட இல்லை. நீ செத்து வருஷம் திரும்பவில்லை, எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் அந்தக் கல் வியாபாரியிடம் என்னை இழுத்துப் போனவன் நீதான். அப்போது இராஜபாளையம் பஞ்சு மில்லில் நாம் இருவருமே தற்காலிகம். ஓர் ஆளை மட்டும் நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. வியாபாரி டீக்கடையில் ஒரு கிளாஸ் பால் வாங்கிக் கல்லைப் போட்டார்.

"பாலே நீலமாத் தெரியுதா? அசலுன்னா இதான்."

"உங்க ஊருப் பாலு கல்லு போடாமலே நீலமாத்தான அண்ணாச்சி இருக்கும்?" என்றேன்.

"பால்கோவா ஊருல வந்து பாலையா கொறை சொல்லுதிய?" என்று எகிறினார்.

நீ சிரிக்கவில்லை. "வாயை மூடுலே, சனி பகவான் கல்லு" என்றாய்.

அவர் உன்னிடம் மட்டும் பேசினார். "ஒத்துக்கிட்டா தூக்கி விட்டுரும், ஒத்துக்கலன்னா கவுத்திரும். மூணு ராத்திரி தலையணைக்கு அடியில வச்சுப் பாருங்க. கெட்ட கனவு வந்தா திருப்பிக் கொண்டாந்திருங்க."

நமக்கு ஒரே அறை, ஒரே பாய், ஒரே தலையணை. அந்த வாரம் உனக்கு ராத்திரி ஷிப்ட், எனக்குப் பகல். நீ கல்லை வைத்துவிட்டு மில்லுக்குப் போனாய். மூன்று ராத்திரியும் அதன்மேல் படுத்தவன் நான்.

"ஏலே, கனவு எதும் வந்துச்சா?"

"இல்லலே. கட்டையாக் கெடந்தேன்."

"அப்பம் எனக்கு ஒத்துக்கிடும்."

பரீட்சை எழுதியது நான், பாஸானது நீ.

வெள்ளியில் கட்டி ஒரு சனிக்கிழமை போட்டுக்கொண்டாய். அந்த மாதமே நிரந்தரம். மேஸ்திரி உன் மாமா என்பது மில்லுக்கே தெரியும். என் தெருவிலிருந்து போன எவனும் தற்காலிகத்தைத் தாண்டியதில்லை என்பதும் தெரியும். நீயோ விரலை ஆட்டி, "எல்லாம் நீலம் செஞ்ச வேலைலே" என்பாய். மாமா பெயரைச் சொல்லியிருந்தால் உன்னை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். கல்லைச் சொன்னதால், அது என் தூக்கத்துக்குக் கிடைத்த வேலை என்று பாழும் புத்தி இன்றும் நம்புகிறது.

நீலத்தை இரும்பு கீறாது என்று வியாபாரி சொன்னது சரிதான். உன் நெஞ்சைப் பஞ்சே அரித்துவிட்டது. நீ இருமிக் கிடந்தபோது மில் டாக்டர் பீடிப் பழக்கம் என்று எழுதினார். ஒருநாளும் நீ பீடி தொட்டதில்லை. உன் மாமாவும் பக்கத்தில்தான் நின்றார். அந்தச் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கடைசியாக உன்னைப் பார்க்க நான் வந்தபோது கையை நீட்டினாய். "நீ வேணா போட்டுப் பாக்கியாலே?" விரல் மெலிந்து மோதிரம் தானாகக் கழன்றது. வேண்டாம் என்றேன். வேண்டும் போலத்தான் இருந்தது.

அறையைக் காலி செய்தபோது நீ விட்டுப்போன தலையணை என்னிடம் இருக்கிறது. நான் இன்னும் தற்காலிகம்தான். காலையில் கண் விழித்ததும் கை அதன் அடியில் போய்த் துழாவுகிறது.